விளக்க அட்டையை நம்புதல்: மரபை மீறும் அருங்காட்சியகங்கள்

மரபை மீறும் அருங்காட்சியகங்கள் என்று இங்கு குறிப்பிடப்படுபவை, அருங்காட்சியகத்தின் வெளித்தோற்றத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பார்வையாளர் அதன்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையோடு விளையாடுபவை. கண்ணாடிப் பேழை, மங்கலான விளக்கு, பொருளின் கீழே சிறிய எழுத்தில் விளக்க அட்டை, தாழ்ந்த குரலில் ஒலிப்பதிவு ஆகிய எல்லாம் அங்கும் உண்டு. ஆனால் பேழையில் இருப்பதும் அட்டையில் இருப்பதும் எதிர்பார்த்தபடி பொருந்துவதில்லை.

இவ்வகையில் அதிகம் பேசப்பட்டவை மூன்று. லாஸ் ஏஞ்சலஸில் 1988-இல் தொடங்கப்பட்ட ஜுராசிக் தொழில்நுட்ப அருங்காட்சியகம் ஒன்று. பால்டிமோர் நகரில் 1992-இல் ஃபிரெட் வில்சன் அமைத்த 'அருங்காட்சியகத்தைத் தோண்டுதல்' என்ற கண்காட்சி மற்றொன்று. இஸ்தான்புல்லில் 2012-இல் எழுத்தாளர் ஓரான் பாமுக் திறந்த 'கள்ளமின்மையின் அருங்காட்சியகம்' மூன்றாவது. மூன்றும் ஒரே விளையாட்டை ஆடுவதுபோல எழுதுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் முதலாவது பொய்யையும் மெய்யையும் கலக்கிறது. இஸ்தான்புல் அருங்காட்சியகம் கற்பனை என்று அறிவித்துவிட்டு உண்மையான பொருள்களைக் காட்டுகிறது. பால்டிமோர் கண்காட்சியோ ஒரு பொய்யும் சொல்லாமல், இருந்த பொருள்களின் இடத்தை மட்டும் மாற்றியது. மிகக் குறைவாக மாற்றிய இந்தக் கண்காட்சியே பார்வையாளரை மிக அதிகமாக அசைத்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

பாடமும் வியப்பும்

பள்ளிச் சுற்றுலாவில் அருங்காட்சியகம் செல்லும் மாணவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். முதலில் அட்டையைப் படிக்கிறார்கள். குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். பொருளை நிமிர்ந்து பார்ப்பது அதற்குப் பிறகு, அதுவும் பின்னால் நிற்பவர் தள்ளாமல் இருந்தால்தான். பெரியவர்களும் பெரும்பாலும் இப்படித்தான் பார்க்கிறார்கள். பேழைக்குள் ஒரு கல் இருக்கிறது. அது மூவாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று அட்டை சொல்கிறது. உடனே கல்லின் தோற்றமே மாறிவிடுகிறது. அட்டை இல்லாவிட்டால் அது வெறும் கல்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை ஒரு காலத்தில் ஊர்மக்கள் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தார்கள். வேடிக்கையான பெயர்கள்தாம். ஆனால் இரண்டிலும் 'காலேஜ்' என்ற சொல் இருக்கிறது. அங்கே இருப்பது பாடம், படித்தவர்கள் எழுதி வைத்தது, கேட்டுக்கொள்ள வேண்டியது. வங்காளத்தில் இதே நிறுவனத்துக்கு 'ஜாதுகர்' என்று பெயர். மாயவித்தை வீடு என்று பொருள். இந்தியிலும் உருதுவிலும் 'அஜாயப் கர்' என்றார்கள், விந்தைகளின் வீடு. இலங்கைத் தமிழில் இன்றும் 'நூதனசாலை'. ஆகவே அருங்காட்சியகத்துக்குள் நுழைபவர் இரண்டு எதிர்பார்ப்புகளைக் கொண்டுவருகிறார். ஒன்று, இங்கே சொல்வது உண்மை என்பது. மற்றொன்று, இங்கே நம்பமுடியாத ஒன்றைப் பார்க்கப்போகிறோம் என்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை.

ஐரோப்பாவில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அரசர்களும் அறிஞர்களும் வைத்திருந்த விந்தைப்பொருள் அறைகளில் இந்த முரண் வெளிப்படையாகவே இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஓலே வோர்ம் அத்தகைய அறை ஒன்றை வைத்திருந்தார். அதன் பொருள்பட்டியல் அவர் இறந்தபின் 1655-இல் நூலாக வந்தது. ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு என்று ஐரோப்பாவெங்கும் பெருவிலைக்கு விற்கப்பட்ட பொருள், உண்மையில் நார்வால் என்ற கடல்வாழ் பாலூட்டியின் பல் என்று விளக்கியவர் அவர். ஒரு விந்தையைப் பொய்யென்று காட்டினார்; அதே சமயம் மூன்று முழ நீளத்துக்கும் மேலே வளரும் முறுக்கிய பல்லைக் கொண்ட கடல் விலங்கு என்ற இன்னொரு விந்தையை அதன் இடத்தில் வைத்தார்.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து பிளாட்டிபஸ் என்ற விலங்கின் பதப்படுத்திய தோல் இங்கிலாந்துக்கு வந்தபோது, 1799-இல் அதை விவரித்து எழுதிய ஜார்ஜ் ஷா என்ற இயற்கை அறிஞர் ஏமாற்றுவேலையோ என்று ஐயப்பட்டார். வாத்தின் அலகை வேறொரு விலங்கின் உடலோடு யாரோ ஒட்டியிருப்பார்கள் என்ற ஐயம் அது. விலங்கு உண்மையானது. ஆனால் 1842-இல் நியூயார்க்கில் பி. டி. பார்னம் தன் அமெரிக்க அருங்காட்சியகத்தில் 'ஃபிஜிக் கடற்கன்னி' என்று காட்டியது, குரங்கின் மேல்பாதியும் மீனின் கீழ்ப்பாதியும் சேர்த்து உண்மையிலேயே ஒட்டப்பட்டது. அந்த உருவத்தைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது.

லாஸ் ஏஞ்சலஸ்: கலந்து வைத்தல்

டேவிட் வில்சன், டயானா வில்சன் தம்பதியர் நிறுவிய ஜுராசிக் தொழில்நுட்ப அருங்காட்சியகம், கல்வர் சிட்டி பகுதியில் வெனிஸ் பூல்வார்டு என்ற பரபரப்பான சாலையில் இருக்கிறது. கடைகளுக்கு நடுவே ஒரு தாழ்வான கட்டடம். பெயரே முதல் புதிர். ஜுராசிக் காலம் ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. டைனோசர்கள் நடமாடிய அக்காலத்தில் எந்தத் தொழில்நுட்பமும் கிடையாது. இதை விளக்க வேண்டிய அறிமுகப் படக்காட்சி, விளக்குவதுபோலப் பேசிக்கொண்டே போய், நோவாவின் பேழையை உலகின் மிக முழுமையான இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் என்று குறிப்பிடுகிறது. குரல் மட்டும் ஆவணப்படத்தில் கேட்பதுபோல நிதானமாக இருக்கிறது.

உள்ளே இருட்டான, வளைந்து செல்லும் சிறு அறைகள். ஓரிடத்தில் 'டெப்ராங் மோரி' என்ற வௌவாலைப் பற்றிய காட்சி. தென்னமெரிக்காவின் வடபகுதியில் வாழும் டோசோ என்ற பழங்குடியினர், சுவர்களை ஊடுருவிப் பறக்கும் ஒரு சிறு பேயைப் பற்றிச் சொன்னார்களாம். டொனால்ட் கிரிஃபித் என்ற வௌவால் ஆய்வாளர், அது எக்ஸ்-கதிரைப் பயன்படுத்தும் வௌவாலாக இருக்கவேண்டும் என்று ஊகித்து, காட்டில் தடித்த ஈயச் சுவர்களை எழுப்பினாராம். ஒரு நாள் அதிகாலையில் (நாளும் மணியும் நிமிடமும் தரப்பட்டிருக்கின்றன) வௌவால் ஒன்று ஈயத்துக்குள் பாதிவழியில் சிக்கிக்கொண்டதாம். அந்த ஈயத் துண்டு கண்ணாடிப் பேழையில் இருக்கிறது.

இது கட்டுக்கதை. டோசோ என்று ஒரு இனமும் இல்லை, அந்த வௌவாலும் இல்லை. ஆனால் டொனால்ட் கிரிஃபின் என்ற ஆய்வாளர் இருந்தார். ஓரெழுத்து வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அவர் 1938-இல், வௌவால்கள் மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்புவதைக் கருவியின் உதவியால் கண்டறிந்தார். அந்த ஒலியின் எதிரொலியைக் கேட்டே அவை இருட்டில் வழியறிகின்றன என்பது பிறகு நிறுவப்பட்டது. இன்று எட்டாம் வகுப்பு மாணவருக்கும் தெரிந்த இச்செய்தியை அன்று அறிவியலாளர்களே எளிதில் ஏற்கவில்லை. கேட்க முடியாத ஒலியால் பார்க்கும் விலங்கு என்பதும், ஈயத்தை ஊடுருவும் விலங்கு என்பதும் அறியாதவருக்கு ஏறத்தாழ ஒரே அளவு நம்பத்தகாதவைதாம்.

இன்னொரு பேழையில் காமரூன் நாட்டு எறும்பு. காட்டின் தரையில் வாழும் அது ஒரு பூஞ்சையின் வித்தைச் சுவாசித்துவிட்டால், தன் வழக்கத்தை மறந்து செடியின்மேல் ஏறி, தாடையால் கவ்விக்கொண்டு, அப்படியே இறந்துவிடுமாம். பிறகு அதன் தலையிலிருந்து ஒரு கொம்பு முளைத்து, வித்துகளைக் கீழே தூவுமாம். வௌவால் கதையைக் கேட்டுவிட்டு வந்த பார்வையாளர் இங்கே நமுட்டுச் சிரிப்புச் சிரிக்கிறார். ஆனால் இந்தக் கதையின் சாரம் உண்மை. காட்சியில் தரப்பட்டுள்ள எறும்பின் பெயரும் பூஞ்சையின் பெயரும் இந்தச் செயலுக்குப் பொருந்தாதவை. ஆயினும் ஓஃபியோகார்டிசெப்ஸ் என்ற பூஞ்சை வெப்பமண்டலக் காடுகளில் தச்செறும்புகளை இப்படித்தான் ஆட்டிவைக்கிறது. எறும்பு இலையின் அடிப்பக்க நரம்பைக் கவ்வி இறப்பதும், தலைக்குப் பின்னாலிருந்து தண்டு முளைப்பதும் நன்கு ஆராயப்பட்டவை.

வில்சனின் திறமை பொய் சொல்வதில் மட்டும் இல்லை. பொய்யும் மெய்யும் ஒரே குரலில் ஒலிக்கும்படி செய்வதில் இருக்கிறது. ஜெஃப்ரி சோனபெண்ட் என்ற நினைவாற்றல் ஆய்வாளரின் மறதிக் கோட்பாடு, கூம்பும் தளமுமாகிய வரைபடங்களோடு ஓர் அறை முழுக்க விளக்கப்படுகிறது. அப்படி ஒருவர் இல்லை. அதே கூரையின் கீழ், ஹகோப் சந்தல்ஜியன் என்ற ஆர்மீனிய வயலின் கலைஞர் செய்த நுண்சிற்பங்கள் இருக்கின்றன. ஊசியின் காதுக்குள் நிற்கும் போப்பாண்டவர் உருவத்தை உருப்பெருக்கி வழியாகத்தான் பார்க்க முடியும். கை அசையாதிருக்க, இதயத்தின் இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் அவர் வேலை செய்தார் என்று சொல்லப்படுகிறது. கட்டுக்கதைபோல ஒலிக்கும் இந்தக் கலைஞர் உண்மையில் வாழ்ந்தவர்; சிற்பங்களும் உண்மையானவை. சோவியத் விண்வெளித் திட்டத்தில் பறந்த நாய்களின் ஓவியங்கள் வேறொரு அறையில். அவையும் உண்மையான நாய்கள்.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டிய காட்சி, நாட்டு நம்பிக்கைகள் பற்றியது. படுக்கையில் சிறுநீர் கழிக்கும் குழந்தைக்கு எலியை ரொட்டியில் வைத்துத் தருவது, வாய்ப்புண் உள்ள குழந்தையின் வாயில் வாத்தை மூச்சுவிடச் செய்வது, வீட்டில் ஒருவர் இறந்தால் தேனீக்களிடம் போய்ச் சொல்வது. எல்லாம் ஐரோப்பியக் கிராமங்களில் இருந்த வழக்கங்கள். கேலி செய்யும் தொனி எங்கும் இல்லை. பேழைக்குள் தட்டில் ரொட்டி, அதன்மேல் இரண்டு எலிகள், அவ்வளவுதான். பாட்டி வைத்தியத்தையும் சாவுச் சடங்குகளையும் பார்த்து வளர்ந்த வாசகருக்கு இந்த அறை அந்நியமாக இராது. நம்பாமலேயே மரியாதையோடு பார்க்க முடியும் என்பதை இந்த அறை, அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், செய்து காட்டுகிறது.

இதழாளர் லாரன்ஸ் வெஷ்லர் இந்த அருங்காட்சியகத்தைப் பற்றி 1995-இல் ஒரு நூல் எழுதினார். அவர் செய்தது எளிய வேலை. ஒவ்வொரு காட்சியையும் நூலகங்களிலும் நிபுணர்களிடமும் சரிபார்த்தார். பொய் என்று நினைத்த சில மெய்யாக இருந்தன. தலையில் கொம்பு முளைத்த மேரி டேவிஸ் என்ற 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பெண்ணைப் பற்றிய பழைய பதிவுகள் அவற்றுள் ஒன்று. டேவிட் வில்சனுக்கு 2001-இல் மக்ஆர்தர் நல்கை கிடைத்தது.

ஏமாற்றுவது சரியா?

இந்த அருங்காட்சியகத்தின்மேல் வைக்கப்படும் எளிய குற்றச்சாட்டு, அது பொய்யைப் பரப்புகிறது என்பது. கைப்பேசியில் நாள்தோறும் பொய்ச்செய்தி வந்து விழும் காலத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. ஆனால் பொய்ச்செய்தியை அனுப்புகிறவர் அது நம்பப்பட வேண்டும் என்று விரும்புகிறார். நம்பினால் அவருக்கு ஆதாயம். பார்னமின் கடற்கன்னிக்கும் அதே நோக்கம்தான்: நுழைவுச்சீட்டு விற்க வேண்டும். வில்சனின் வௌவாலை நம்பினாலும் நம்பாவிட்டாலும் யாருக்கும் லாபமில்லை. மேலும் அந்தக் காட்சி நம்பப்படுவதற்காகவே அமைக்கப்பட்டதும் அல்ல. நம்பிக்கை நழுவும் அந்த நொடிக்காக அமைக்கப்பட்டது. அட்டையைப் படித்து நகர்ந்துகொண்டிருந்தவர் நின்று, மறுபடி படிக்கிறார். பிறகு முதன்முறையாகப் பொருளை உற்றுப் பார்க்கிறார். பள்ளிச் சுற்றுலாவில் ஆசிரியர்கள் தொண்டை வறளக் கத்தியும் நடக்காத காரியம் இது.

வலுவான குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

ஒன்று, சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் பார்வையாளர்மேல் விழுகிறது. வெஷ்லருக்கு நேரமும் நூலகமும் இருந்தன. வீட்டுக்குப் போய்த் தேடாத ஒருவர் வௌவாலைப் பற்றித் தவறாகவும், எறும்பைப் பற்றி அவநம்பிக்கையோடும் வெளியேறுவார். இரண்டுமே நட்டம்.

அடுத்தது அதைவிட முக்கியம். டோசோ பழங்குடியினரை எடுத்துக்கொள்வோம். இல்லாத ஓர் இனத்தை உருவாக்கி, அவர்களுக்கு ஒரு பேய்நம்பிக்கையைக் கொடுத்து, வெள்ளை அறிவியலாளர் வந்து அதன் உண்மையை நிறுவுவதாகக் கதை போகிறது. இது பழைய இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களின் தொனியைப் பகடி செய்வது என்று சொல்லலாம். ஆனால் பகடி என்றால் மூலத்தின் மேல் ஒரு கீறலாவது விழ வேண்டும். இங்கே அந்தத் தொனி மெருகோடு திரும்ப வருகிறது. கீறல் அறிவியலாளரின் ஆய்வுமுறையில் விழுகிறதே தவிர, 'காட்டுமக்கள் நம்புவார்கள், அறிஞர் அறிவார்' என்ற ஏற்பாட்டின்மேல் விழவில்லை. அட்டையை ஐயப்படக் கற்றுத்தரும் அருங்காட்சியகம், அட்டையை எழுதும் உரிமை யாரிடம் இருந்தது என்ற கேள்வியைக் கேட்கவில்லை.

அட்டையை எடுத்துவிட்டால்

அட்டையையே நீக்கிப் பார்த்தவர்களும் உண்டு. சூதாட்டத்தில் பெரும்பணம் ஈட்டிய டேவிட் வால்ஷ், ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் 2011-இல் திறந்த மோனா அருங்காட்சியகத்தில் சுவரில் விளக்க அட்டைகளே இல்லை. பார்வையாளர் நிலத்தடிக்கு இறங்கிச் சென்று, கையிலுள்ள கருவியில் வேண்டுமானால் படித்துக்கொள்ளலாம். உணவைச் செரித்து மலமாக்கும் இயந்திரம் ஒன்றும் அங்கே காட்சிக்கு இருக்கிறது. துணிச்சல் உண்டு. ஆனால் அதிர்ச்சி சீக்கிரம் பழகிவிடும்.

குரோவேசியாவின் ஜாக்ரெப் நகரில் 2010 முதல் நிலையாக இயங்கும் முறிந்த உறவுகளின் அருங்காட்சியகம், அட்டை எழுதும் வேலையைப் பொருளைக் கொடுத்தவர்களிடமே விட்டுவிட்டது. பிரிந்துபோன காதலியின் மரச்சாமான்களை நாளுக்கு ஒன்றாக வெட்டிப்போட்ட கோடரி அங்கே இருக்கிறது. கொடுத்தவர் பெயர் இல்லை. எழுதியது உண்மைதானா என்று யாரும் கேட்பதும் இல்லை. அருங்காட்சியக அறிஞரின் குரலைவிட, பெயரில்லாத ஒருவரின் துயரத்தைப் பார்வையாளர்கள் எளிதாக நம்பிவிடுகிறார்கள். வண்ணச் சுவர்கள் முன்னால் நின்று படமெடுத்துக்கொள்வதற்காக 2016-க்குப் பிறகு பெருகிய 'ஐஸ்கிரீம் அருங்காட்சியகம்' போன்றவை இந்தப் பேச்சில் சேராது. அவை எதிர்பார்ப்போடு விளையாடுவதில்லை, அதை அப்படியே நிறைவேற்றித் தருகின்றன.

இஸ்தான்புல்: சொல்லிவிட்டுச் செய்வது

ஓரான் பாமுக்கின் 'கள்ளமின்மையின் அருங்காட்சியகம்' என்ற புதினம் 2008-இல் வந்தது. செல்வந்தன் கெமால், தூரத்து உறவினளும் கடைப் பணிப்பெண்ணுமான ஃபூசுனைக் காதலித்து, இழந்து, ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அவள் வீட்டுக்கு இரவுணவுக்குச் சென்று, அவள் தொட்ட பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துவந்து சேர்க்கிறான். அந்தச் சேகரிப்பை வைக்க ஓர் அருங்காட்சியகம் அமைக்கிறான். பாமுக் அதை நிஜமாகவே கட்டினார். பேயோலு பகுதியில் சுகுர்ஜுமா என்ற இடத்தில், 19-ஆம் நூற்றாண்டு வீடு ஒன்றில், புதினத்தின் 83 அத்தியாயங்களுக்கு 83 பேழைகள். புதினத்தின் கடைசிப் பகுதியில் ஒரு நுழைவுச்சீட்டு அச்சிடப்பட்டிருக்கிறது. நூலைக் கொண்டுபோனால் அதில் முத்திரை குத்தி இலவசமாக உள்ளே விடுவார்கள்.

நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு சுவர் நிறைய ஊசியால் குத்தி வைத்த சிகரெட் துண்டுகள், மொத்தம் 4,213. புதினத்தின்படி எல்லாம் ஃபூசுன் புகைத்தவை. ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்தில் சிறு குறிப்பு. இங்கே யாரும் ஏமாறுவதில்லை. ஃபூசுன் கற்பனை என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், அவள் உதட்டுச்சாயம் பட்டதாகச் சொல்லப்படும் துண்டுகளின் முன் பார்வையாளர் குரலைத் தாழ்த்துகிறார். பேழைகளில் உள்ள உப்புக்கிண்ணம், கடிகாரம், எலுமிச்சை வாசனைத் தண்ணீர்ப் புட்டி, திரைப்படச் சுவரொட்டி எல்லாம் இஸ்தான்புல்லின் பழைய பொருள் கடைகளில் வாங்கப்பட்டவை, யாரோ உண்மையான குடும்பங்கள் புழங்கியவை. கற்பனைப் பெண்ணின் பெயரில் ஒரு நகரத்தின் நடுத்தரவர்க்க வாழ்க்கை காட்சிக்கு வந்துவிட்டது. அரசர்களின் வாள்களையும் தேசத்தின் பெருமையையும் காட்டும் பெரிய அருங்காட்சியகங்களுக்கு மாற்றாக, தனிமனிதர் கதை சொல்லும் சிறிய வீடுகள் வேண்டும் என்பது பாமுக் வலியுறுத்தும் கருத்து. 2014-இல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த அருங்காட்சியக விருது இதற்குக் கிடைத்தது.

இவ்வளவு நேர்மையான ஏற்பாட்டிலும் ஓர் இடறல் இருக்கிறது. பேழைகளில் ஃபூசுனின் காதணி, உடை, காலணி, சீப்பு எல்லாம் உண்டு. அவள் என்ன நினைத்தாள் என்பது ஒரு பேழையிலும் இல்லை. திரைப்பட நடிகையாக விரும்பிய அவளுடைய ஆசை கெமாலின் காதல்கதையில் ஓரமாக ஒதுங்குகிறது. புதினத்தைப் படிப்பவர் கெமாலின் தன்னலத்தை வரிகளுக்கிடையே கண்டுகொள்ளலாம். பாமுக் அதற்கு இடம் வைத்திருக்கிறார். ஆனால் அழகாக விளக்கிட்ட பேழை அந்த இடத்தை மூடிவிடுகிறது. திருடிச் சேர்த்த பொருள்கள், கண்ணாடிக்குள் போனதும் காதலின் சான்றுகளாகிவிடுகின்றன. கண்ணாடிப் பேழைக்கு இப்படி ஒரு குணம்: உள்ளே வைத்தது எப்படி வந்தது என்பதை அது மறக்கச் செய்யும். உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கும் வசதியாக இருந்துவரும் குணம் இது.

பால்டிமோர்: இடம் மாற்றுதல்

ஃபிரெட் வில்சன் 1954-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். ஆப்பிரிக்க அமெரிக்க, கரீபிய மரபினர். மாணவப் பருவத்தில் அருங்காட்சியகக் காவலராகவும் வேலை பார்த்தவர். 1991-இல் அவர் செய்த ஒரு படைப்பில், நியூயார்க் அருங்காட்சியகக் காவலர்களின் சீருடை அணிந்த நான்கு கறுப்புப் பொம்மைகள் நிற்கின்றன, தலை இல்லை. ஓவியங்களைப் பார்க்க வருபவர் காவலரைப் பார்ப்பதில்லை என்பது அங்கே நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும்.

மறு ஆண்டு, 1844-இல் நிறுவப்பட்ட மேரிலாந்து வரலாற்றுக் கழகத்துக்குள் அவர் அழைக்கப்பட்டார். பால்டிமோரின் 'தி கன்டெம்பரரி' என்ற கலை அமைப்பு இதற்குத் துணைநின்றது. அவர் புதிதாக எதையும் செய்யவில்லை. கழகத்தின் கிடங்கில் தேடி, அங்கேயே இருந்த பொருள்களை எடுத்து, கழகத்தின் வழக்கமான பேழைகளில், கழகத்தின் வழக்கமான நடையில் அட்டை எழுதி வைத்தார்.

'உலோக வேலை, 1793–1880' என்று ஓர் அட்டை. பேழைக்குள் பூவேலைப்பாடு புடைத்தெழும் வெள்ளிக் கூசாக்கள், கிண்ணங்கள். அவற்றின் நடுவில், அடிமைகளின் கை காலில் பூட்டிய இரும்புத் தளை. அட்டையில் எந்தப் பொய்யும் இல்லை. எல்லாமே உலோகம், எல்லாமே அதே காலம், எல்லாமே அதே மாநிலம். 'மரவேலை, 1820–1960' என்று மற்றொன்று. நேர்த்தியான நாற்காலிகள் வரிசையாக, இசை கேட்க அமர்ந்தவர்கள்போல, ஒன்றைப் பார்த்து நிற்கின்றன. அவை பார்ப்பது ஒரு சாட்டையடிக் கம்பத்தை. பழைய குழந்தை வண்டி ஒன்றில், மெத்தைவிரிப்பு இருக்க வேண்டிய இடத்தில் கூ கிளக்ஸ் கிளான் அமைப்பின் முகமூடித் தொப்பி கிடந்தது. செல்வர் குடும்ப ஓவியங்களில் மூலையில் நிற்கும் கறுப்பினச் சிறுவர்கள்மேல் விளக்கு விழுந்தது. அருகே போனால் சிறுவன் கேட்பதுபோல ஒரு குரல் ஒலித்தது.

ஜுராசிக் அருங்காட்சியகத்தில் அட்டை பொய் சொல்கிறதா என்று பார்வையாளர் ஐயப்படுகிறார். இங்கே அட்டை உண்மை சொல்கிறது. ஐயம் வேறு பக்கம் திரும்புகிறது. வெள்ளிப் பாத்திரங்கள் இத்தனை ஆண்டுகள் தனியாக இருந்தபோது அந்தப் பேழை நேர்மையாக இருந்ததா? தளை எப்போதும் அதே கட்டடத்தில்தான் இருந்தது. பட்டியலில் எண்ணும் இருந்தது. யாரும் அதை ஒளித்ததாகச் சொல்ல முடியாது. காட்டவில்லை, அவ்வளவுதான். வெள்ளிப் பாத்திரத்தை வாங்கக் காசு எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை கிடங்கில் சில அடி தூரத்தில் இருந்தது. அதைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்ததும், பார்வையாளர் வீட்டுக்குப் போய் எதையும் சரிபார்க்கத் தேவையில்லை. கண்ணெதிரே இருக்கிறது. பின்னர் வேறொரு நகரில் வேறொரு வெள்ளிப் பேழையின் முன் நிற்கும்போதும் அந்தத் தளை நினைவுக்கு வரும்.

இதையும் விமர்சித்தவர்கள் உண்டு. உயிரோடு இருந்த மனிதர்களின் வேதனைப் பொருளைக் கலைப்படைப்பின் திருப்பமாக்கலாமா என்பது நியாயமான கேள்வி. நிறுவனம் ஒரு கலைஞரை ஓராண்டு அழைத்துத் தன்னைத்தானே விமர்சிக்கச் செய்துவிட்டு, பிறகு பழையபடி இருந்துவிடலாம் என்ற ஐயமும் எழுப்பப்பட்டது. இந்த வகைக் கண்காட்சிகள் பின்னர் பல ஊர்களில் பெருகியபோது, எல்லாவற்றிலும் அதே கூர்மை இல்லை என்பதும் உண்மை. பொருளை இடம் மாற்றுவது எளிது. எந்தப் பொருளை எதன் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று அறிய, கிடங்கில் மாதக்கணக்கில் உட்கார வேண்டும்.

கண்காட்சி 1992 ஏப்ரல் முதல் 1993 பிப்ரவரி வரை நடந்தது. அதன் நுழைவுப் பகுதியில் ஆறு பீடங்கள் இருந்தன. ஒரு பக்கம் நெப்போலியன், ஹென்றி கிளே, ஆண்ட்ரூ ஜாக்சன் ஆகியோரின் மார்பளவுச் சிலைகள். மூவரும் மேரிலாந்தில் பிறந்தவர்கள் அல்லர். மறுபக்கம் ஹேரியட் டப்மன், ஃபிரெடரிக் டக்ளஸ், பெஞ்சமின் பேனக்கர் என்று பெயர் பொறித்த மூன்று பீடங்கள். மூவரும் மேரிலாந்தில் பிறந்தவர்கள். கழகத்தின் சேகரிப்பில் அவர்களுக்குச் சிலை இல்லை. பெயர் மட்டும் இருந்தது. மேலே எதுவும் வைக்கப்படவில்லை.